பென்சிலில் மட்டும் எழுதுவார்

சின்னவனே, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டப் போகிறேன், குறைந்த விலையில் எந்தெந்தச் சாமான் எடுப்பது என்று நேற்று போனில் கேட்டாய். உன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். கேள்வி காதில் விழுந்ததும் எழுந்து துணி எடுக்கப் பின்பக்கம் போய்விட்டாள். துணி காயப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு அவர் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்றாம் படிவம் வரை படித்தவன், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரை மட்டும்தான். அதனால் அவரைப் பற்றி எழுதுகிறேன். உன் அக்காவுக்கும் இதை அனுப்பப் போகிறேன். நீ அப்போது சின்னப் பிள்ளை; நடந்தபோது அவள் கூடவே இருந்தாள் என்றாலும் அவளுக்கும் பாதிதான் தெரியும்.

குனோங் ராபாட்டில் நமக்குப் பின்வரிசையில் மூலை வீடு அவருடையது. பெயர் வேண்டாம். இப்போது பாகான் செராயில் மகள் வீட்டோடு இருக்கிறார், யாராவது படித்துக் காட்டினால் சங்கடப்படுவார். கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், பாதி தேய்ந்த ரப்பர். பேனாவைத் தொடமாட்டார். ஒருமுறை பென்சில் முனை உடைந்துவிட்டதே என்று என் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"பேனாவுல எழுதிட்டா முடிஞ்ச மாதிரிலா தம்பி," என்றார். "இன்னும் ஒன்னு பாக்கணும்."

இந்த "இன்னும் ஒன்னு பாக்கணும்" என்பதை அந்த வருடம் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, எனக்குக் காது புளித்துப்போனது.

நம் தாமான் குடியிருப்பு முனையில் இருந்த சாப்பாட்டுக் கடை உனக்கு நினைவிருக்கும். அங்கே அவர் பசியாற உட்கார்ந்தால், தோசை மாவு எப்போது ஆட்டியது, ரொட்டிக்கு எந்த எண்ணெய், சாம்பார் இன்றையதா நேற்றையதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். கடை பாய்க்கும் அவர் வயதுதான்.

"மச்சான், நீ இன்னிக்கு ஆர்டர நாளைக்கு வந்து சொல்லுலா," என்பார் பாய். "நா சூடா வச்சிருக்கேன்."

அவர் கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே யோசிப்பார். கடைசியில் பாயே ஒரு ரொட்டி சானாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அதைத்தான் தினமும் சாப்பிட்டார். அதையும் தினமும் யோசித்தார்.

வீட்டு முன்னறைக்கு ஒரு விசிறி வாங்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டவர் அவர். நடுவில் வெயில் காலம் வந்துபோனது.

இப்படிப்பட்ட ஆளிடம் ஏன் போனீர்கள் என்று கேட்பாய். கம்ப்யூட்டர் சாமான் என்றால் மொத்தத் தாமானும் அவரைத்தான் கை காட்டும். எந்தக் கடையில் எது அசல், எது பழசைத் துடைத்து வைத்தது என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவார். கடைக்காரனிடம் கமிஷன் வாங்க மாட்டார். நம்மிடமும் ஒன்றும் வாங்க மாட்டார். இவ்வளவு தெரிந்த, இவ்வளவு நாணயமான ஆளை ஈப்போவில் தேடினாலும் கிடைக்காது என்றார்கள். அது உண்மைதான். அவர் சொல்லி வாங்கி முடித்த ஆள் யாரையாவது தெரியுமா என்று மட்டும் நான் கேட்காமல் விட்டேன்.

உன் அக்கா அப்போது ஐந்தாம் படிவம் முடித்துப் பள்ளிக்கூடம் விட்டிருந்தாள். அசையும் படம் வரையும் படிப்புக்கு ஈப்போவில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டிருந்தாள். ஒரு நிமிடம் ஓடுகிற படம் ஒன்றை அவளே வரைந்து அனுப்ப வேண்டும், அக்டோபர் கடைசிக்குள். அதைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் வரைபலகை ஒன்றை இரவல் தந்திருந்தார். ஆனால் சித்தப்பா கொடுத்த பழைய மடிக்கணினி நாலு படத்தைச் சேர்த்து ஓட்டச் சொன்னால் நின்றுவிடும். அவளுக்குத் தேவை ஒரு நிமிடத்துக்கு எழுநூறு படம். கடையில் பூட்டித் தயாராக இருந்தவை ஒன்று விலை எட்டவில்லை, இல்லையென்றால் வேலைக்கு ஆகாது. என் போனஸ் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. அதற்குமேல் ஒரு சென் கிடையாது. செப்டம்பர் ஆரம்பத்தில் அவரிடம் போனேன். எட்டு வாரம் இருக்கிறதே என்ற தைரியம்.

முதல் நாள் அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வந்ததும் உன் அக்காவைப் பழைய மடிக்கணினியில் வழக்கம்போல வேலை செய்யச் சொன்னார். பக்கத்தில் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். எங்கே நிற்கிறது, எதற்குக் காத்திருக்கிறாள் என்று கவனித்தார். பிறகுதான் நோட்டை எடுத்தார்.

"கிராபிக்ஸ் கார்டு இப்ப வேணாம்," என்றார். "படம் காட்டுற வேலையயும் சேத்துப் பாக்குற ப்ராசசர் இருக்கு, அத எடுப்போம். பின்னால காசு வந்தா கார்டு சொருகிக்கலாம், அதுக்கு எடம் உள்ள போர்டா போட்டுடுறேன். ரேம்மு ஒன்னா வாங்காம ரெண்டா பிரிச்சு வாங்கணும். மூட்டய ஒத்தக் கையால தூக்குறதுக்கும் ரெண்டு கையால தூக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அப்புடி. கேசிங்கு வெறும் தகரம். அதுக்குக் காசு குடுக்காதீங்க."

உன் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. கண்ணாடி வைத்து உள்ளே கலர் விளக்கு எரிகிற பெட்டி ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள்.

"லைட்டு எரிஞ்சா படம் நல்லா வருமா பாப்பா?" என்றார்.

"வராது பெரியப்பா. ஆனா எனக்கு நல்லா இருக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்து, பட்டியலின் அடியில் 'விளக்கு' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கடைசி வரைக்கும் அந்தக் கேள்விக்குறி அங்கேயே இருந்தது.

பவர் சப்ளைக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுக்கிற பெட்டி அது. "அதுல மட்டும் வெளையாடக் கூடாது தம்பி," என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்றைக்கே பட்டியல் முடிந்துவிட்டது. மறுநாள் காலை கடைக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை அவர் வந்தார். ப்ராசசரை அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தார். அதற்குப் பொருந்த போர்டும் மாறியிருந்தது. அதற்கு அடுத்த நாள் பழையதையே திரும்ப எழுதியிருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைக்க ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் பதினாறு படம். அதில் பவர் சப்ளை மட்டும் ஒன்பது தடவை மாறியிருந்தது. அந்தப் பக்கத்தில் தாளே மெலிந்து பின்பக்க எழுத்துத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு டவுனில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே ஒருவர், பெட்டிகளை எல்லாம் மேசையில் அடுக்கி, பில் போட உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் இவர் கையைத் தூக்கினார்.

"துங்கு, துங்கு," என்றார். பொறு, பொறு.

தவுக்கே பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து மலாயில் சொன்னார்: "இந்த அங்கிள் போன வருசமும் வந்தாரு. அதுக்கு முந்தின வருசமும் வந்தாரு. நல்ல மனுசன். ஒன்னும் வாங்க மாட்டாரு."

ரேம் விலை அடுத்த வாரம் இறங்கும் என்று இவருக்கு ஒரு கணக்கு. ஒரு வாரம் பொறுத்தோம். ஏறியது. "இப்ப ஏறுனா கண்டிப்பா இறங்கும்," என்றார். இன்னொரு வாரம். இன்னும் ஏறியது. இரண்டாகப் பிரித்து வாங்க நினைத்த ரேமில் ஒன்றுக்குத்தான் காசு காணும் என்று ஆனது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே நினைத்துக்கொள். இல்லை, சொல்லவில்லை. காசு வாங்காமல் நமக்காக அலைகிறவரை என்னவென்று திட்டுவது? அவரிடம் அதுதான் பெரிய தொல்லை. திட்டக்கூட இடம் கொடுக்க மாட்டார்.

திரைக்காகச் சுங்கை சிப்புட்டுக்கு ஒருநாள். ஒரு சைபர் கஃபேயை மூடுகிறார்கள், பழைய திரைகள் மலிவாகக் கிடைக்கும் என்று அவரே சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். காடியில் போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் செம்பனைக் காட்டுக்குள் போகும் ஒரு மண் ரோட்டைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். "அதான் எங்க தோட்டம் இருந்த எடம்," என்று மட்டும் சொன்னார். கடையில் ஏழு திரையைப் போட்டுப் பார்த்தார். ஏழாவதில் ஒரு மூலையில் கடுகளவு புள்ளி ஒன்று எரியவில்லை. எனக்கு அது தெரியவே இல்லை. சும்மா திரும்பி வந்தோம்.

அந்த நாட்களில் உன் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தாளில் வரைந்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பழைய மடிக்கணினியில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ்பெட்டிக் கதவில் கோயில் காலண்டர் இருக்குமே, அதில் தினமும் ஒரு நாளை அடித்தாள். கேட்கவில்லை, அழவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "பரவால்லப்பா, அடுத்த வருசம் போட்டுக்கலாம்," என்றாள். அடுத்த வருடம் என்றால் அவள் ஏதாவது பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் கத்தியே தீருவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி முன்னறையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கத்தணும்னு வந்திருக்கீங்க, மொகத்துல தெரியுது," என்றார். "அவரு ஷிப்டுல இருக்காரு. எங்கிட்ட கத்துங்க தம்பி, நா கேட்டு வைக்கிறேன்."

"உங்ககிட்ட என்னக்கா கத்துறது."

"நானும் கிரைண்டர் கேட்டு ரெண்டு தீவாளி ஆச்சு. உக்காருங்க."

நெத்திலித் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டபடியே அவர் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாத பாதி இதுதான்.

அவர்கள் கல்யாணமான புதிதில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தார்கள். ஊர்க் கரண்டு அங்கே வரவில்லை. தோட்டத்து இஞ்சின் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஓடும், அவ்வளவுதான் வெளிச்சம். ஈப்போவுக்குப் போய் எலெக்ட்ரிக் படித்துவிட்டு வந்த ஒரே ஆள் இவர். அந்தச் சமயம் வேனில் ஒருவன் கம்ப்யூட்டர் விற்க வந்தான். பிள்ளைகள் படிப்புக்கு என்றான். லயத்து ஆட்கள் எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, வாங்கலாம் என்றார். பதினோரு வீடு வாங்கியது. தவணையில்.

"சாமான் நல்ல சாமான்தான் தம்பி. அதுல அவரு தப்புப் பண்ணல," என்றார் அந்த அக்கா. "கோயில் பூசாரி நேரம் குறிச்சுக் குடுத்தாரு. வெள்ளிக்கெழம ஏழுலேந்து ஏழரைக்குள்ள போட்டுடணும்னு. பதினோரு வீட்லயும் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வச்சு, புள்ளைங்கள குளிப்பாட்டி உக்கார வச்சிருக்கோம். வாசல்ல நின்னு இவர கேட்டாங்க, போடலாமான்னு. இவரு போடுங்கன்னாரு."

பதினோரு வீட்டிலும் ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டார்கள். விளக்குக்கும் டிவிக்கும் வைத்த இஞ்சின் அது. முதலில் லயம் முழுக்க விளக்கு மங்கியது. பிறகு ஒரேயடியாகப் பளிச்சென்று ஏறியது. வீட்டுக்கு வீடு பட்டாசு மாதிரி ஒரு சத்தம், கருகின வாடை. அத்தனை பெட்டியும் போய்விட்டது. விற்றவன் திரும்ப அந்தப் பக்கம் வரவில்லை.

"ஒருத்தரும் அவர ஒரு வார்த்த சொல்லல. திட்டியிருந்தா அன்னிக்கே ஆறிப் போயிருப்பாரு. அந்தப் பெட்டிய பூப்போட்ட துணியால மூடி, டிவி பக்கத்துல வச்சுக்கிட்டாங்க. புள்ளைங்க அதுல சும்மா தட்டி வெளையாடும். அந்த வழியா போனா இவரு தலய நிமுத்த மாட்டாரு."

இதைக் கேட்டு என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். மனம் இளகியது உண்மை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கிற தூரத்துக்குள் கோபமும் கூடவே வந்துவிட்டது. அந்தப் பதினோரு வீட்டுக்காரர்கள் பட்டது பட்டது. என் பிள்ளை என்ன பாவம் செய்தாள்?

அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொல்லாமல் கடைக்குப் போனேன். கைப்பேசியில் இருந்த கடைசிப் படத்தைத் தவுக்கேயிடம் நீட்டினேன். அவர் வாசலைப் பார்த்தார். "அங்கிள் வரலையா?" என்றார். வரவில்லை என்றதும் பத்தே நிமிடத்தில் பில் போட்டுவிட்டார். இவ்வளவு சின்னக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு நல்ல பவர் சப்ளையா என்று ஒருமுறை கேட்டார். எழுதியபடி கொடுங்கள் என்றேன். ரேம் ஒன்றுதான். பழைய திரை ஒன்றும் அங்கேயே எடுத்தேன், புள்ளி பார்க்கவில்லை.

மத்தியானம் வேலை விட்டு வந்தவரை வீட்டுக்கு அழைத்தேன். தரையில் பெட்டிகளைப் பார்த்தார்.

"வாங்கிட்டீங்க," என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தம்பி."

"கேட்டா இன்னும் ஒன்னு பாக்கணும்னு சொல்லுவீங்க அண்ணே."

"சொல்லுவேன்தான்," என்றார்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு நான் பார்த்தது வேறொரு ஆள். போர்டைத் தகரத்தில் பொருத்தி, ப்ராசசரைப் பூப்போல இறக்கி, பசை தடவி, வயர்களை ஒவ்வொன்றாகக் கோத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். எங்கேயும் கை நிற்கவில்லை. வேலையோடு வேலையாக உன் அக்காவுக்குச் சொல்லியும் கொடுத்தார்: இதைத் தொடாதே, இதைத் துடை, எங்கேயாவது உறைந்து நின்றுவிட்டால் பவர் பொத்தானை நாலு நொடி அமுக்கிப் பிடி, தானாக அணையும்.

உன் அம்மா, புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் செய்வது மாதிரி, தட்டில் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்து வந்தாள். "நாலரைக்கு மேல நல்ல நேரம்ணே," என்றாள்.

அவர் முகம் செத்துப்போனது. "நேரம்லாம் வேணாம் தங்கச்சி. மொதல்ல வீட்ல எல்லாத்தயும் அடைங்க."

விசிறியை நிறுத்தினோம். விளக்கை அணைத்தோம். ஐஸ்பெட்டியையும் பிடுங்கச் சொன்னார். உன் மீன் தொட்டி மோட்டாரையும். அப்புறமும் பொத்தானைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்தார். பக்கத்து வீட்டு ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்ககிட்டயும் அஞ்சு நிமிசம் அடைக்கச் சொல்லிட்டு வாரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புழுக்கம் தாங்கவில்லை. உன் அக்கா எழுந்து விசிறியைப் போட்டாள். ஐஸ்பெட்டியைச் சொருகினாள். "ஆறு நாள்தான்பா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்ப் பொத்தானை அமுக்கினாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. எழுத்துகள் ஓடின, திரை நீலமாக விரிந்தது. டிஸ்கில் வேண்டிய மென்பொருளையெல்லாம் தவுக்கே கடையிலேயே ஏற்றிக் கொடுத்திருந்தார். உன் அக்கா உடனே உட்கார்ந்து தன் படங்களைப் பழைய கணினியிலிருந்து மாற்ற ஆரம்பித்துவிட்டாள். அடுத்த ஐந்து நாளும் அவள் தூங்கியது குறைவு. கெடுவுக்கு முதல் நாள் அனுப்பினாள், இடம் கிடைத்தது. அது உனக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்தபோது பக்கத்து ஏர்கோன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்களோ என்னவோ. வாசலில் நின்று சுற்றும் விசிறியைப் பார்த்தார், எரிகிற விளக்கைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"யாரு போட்டா?"

"நாந்தான் பெரியப்பா."

பிறகு கிட்டே வந்து, கடையில் கடைசிப் பலகாரத்தைச் சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "பாப்பா, ஒரு தடவ அடச்சிட்டு, நா போடட்டுமா?" என்றார்.

படங்கள் முக்கால்வாசி மாறியிருந்தன. எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். உன் அக்கா என்னைப் பார்க்கவில்லை. மிச்சம் முடியும் வரை காத்திருந்து, ஒழுங்காக மூடி அணைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். உள்ளே விசிறி சுற்றியது, திரையில் முதல் எழுத்து வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. அமுக்கியபடியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நொடி ஆனது. எல்லாம் அணைந்து இருட்டானது.

அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

உன் அக்காவுக்குப் பதினோரு வீட்டுக் கதை தெரியாது. அவள் எழுந்து வந்து, இன்னும் பொத்தானில் இருந்த அவர் கையைப் பிடித்தாள்.

"ஒன்னும் ஆகல பெரியப்பா. மறுபடி அமுக்குங்க, அமுக்கிட்டு விரல எடுத்துருங்க. எடுத்தாத்தான் அது ஓடும்."

அமுக்கினார். எடுத்தார்.